கூம்பு இருந்தால் ஒலிபெருக்கி ஆகிவிடுமா? பாஷே சகோதரர்களின் ஒலிச் சிற்பங்கள்

க்ரிஸ்டால் பாஷே என்ற கருவியை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: "இது ஏதோ சிந்தசைசர்," அதாவது மின்சாரத்தில் ஒலியெழுப்பும் கருவி. அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்னால் வரிசையாகக் கண்ணாடித் தண்டுகள். பின்னால் தீச்சுவாலை வடிவில் வெட்டிய பெரிய உலோகத் தகடு. பக்கவாட்டில் அகன்ற கூம்புகள். அடியில் மீசை என்றே பெயர் பெற்ற மெல்லிய கம்பிகள். வாசிப்பவர் விரலைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடியை நீவுகிறார். எழும் ஒலியில் வயலினும் இருக்கிறது, எக்காளமும் இருக்கிறது, வேற்றுக்கிரகமும் கொஞ்சம் இருக்கிறது. ஹாலிவுட் இசையமைப்பாளர் கிளிஃப் மார்ட்டினெஸ் இதைத் தன் பின்னணி இசையில் சேர்த்துக்கொண்டது சும்மா இல்லை.

ஆனால் இதில் பிளக் கிடையாது, பேட்டரி கிடையாது. அந்தக் கூம்புகள் ஒலிபெருக்கிகளும் அல்ல. பெரிய அரங்கில் மைக் வைப்பார்கள், அது வேறு விஷயம். கருவி தானாக எழுப்பும் ஒலி முழுக்க விரலின் உழைப்பு. அது எப்படி என்று புரிந்துகொண்டால் 'ஒலிச் சிற்பம்' என்று பலரும் பலவிதமாகப் பேசும் விஷயமும் பிடிபட்டுவிடும்.

எது ஒலிச் சிற்பம், எது இல்லை

ஒரு சிலைக்குள் ஸ்பீக்கரை ஒளித்துவைத்துப் பாட்டு ஓடவிட்டால், அதையும் ஒலிச் சிற்பம் என்று அழைப்பவர்கள் உண்டு. நான் அழைக்க மாட்டேன். சிலையை எடுத்துவிட்டு ஸ்பீக்கரை மட்டும் விட்டுவைத்தாலும் பாட்டு அதேதான். பாஷே கருவியின் தகட்டைக் கழற்றிப் பாருங்கள், ஒலி பாதியாகச் செத்துவிடும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் வடிவமே காதுக்கு ஒலியைக் கொண்டுவரும் வேலையையும் செய்தால் அது ஒலிச் சிற்பம். இந்தக் கட்டுரைக்கு இந்த வரையறை போதும்.

இப்படிப்பட்டவற்றைச் செய்தவர்களில் பிரான்சைச் சேர்ந்த இரு சகோதரர்களுக்குத் தனி இடம் உண்டு. அண்ணன் பெர்னார் பாஷே (1917–2015) பொறியாளர். தம்பி பிரான்சுவா பாஷே (1920–2014) சிற்பி. 1950-களின் தொடக்கத்தில் பாரிஸில் தொடங்கினார்கள். அதே ஊரில் 1948 முதலே பியர் ஷேஃபர், பதிவுசெய்த ஒலிகளைக் கொண்டே இசை கோக்கும் பரிசோதனைகளில் இறங்கியிருந்தார். இசையின் எதிர்காலம் மின்சாரத்தில் இருக்கிறது என்று ஊரே நம்பிய காலம் அது. இவர்கள் இருவரும் தகட்டையும் கம்பியையும் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டார்கள். மின்னணு இசை தெரியாத காரணத்தால் அல்ல. பெர்னார் பின்னாளில் ஷேஃபரின் ஆய்வுக் குழுவிலேயே பணியாற்றியவர்.

பலூன் வைத்த கிட்டார்

எல்லாம் ஒரு பயணச் சிக்கலில் ஆரம்பித்தது. பிரான்சுவா ஊர் சுற்றுபவர், கிட்டாரும் வாசிப்பவர். கிட்டாரோ பெட்டியில் அடங்காது. அதன் மரக்கூட்டை எடுத்துவிட்டு, காற்றடைத்த பலூனை அந்த இடத்தில் வைத்தார். காற்றை இறக்கினால் மடித்துவிடலாம். பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருந்தாலும் கிட்டார் ஒலித்தது. அந்த வடிவத்துக்கு அவர் காப்புரிமையும் பெற்றார்.

சரி, மரப்பெட்டியின் வேலையைப் பலூன் எப்படிச் செய்கிறது?

பனையோலை விசிறியையும் ஒற்றை ஈர்க்குச்சியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே வேகத்தில் வீசுங்கள். விசிறி காற்றைத் தள்ளுகிறது. ஈர்க்குச்சியைச் சுற்றிக் காற்று வழுக்கிப் போய்விடுகிறது, முகத்தில் ஒன்றும் படாது. கை அதே கைதான்.

இழுத்துக் கட்டிய தந்தி அந்த ஈர்க்குச்சி. மீட்டினால் அது நன்றாகத்தான் அதிர்கிறது, ஆனால் மெலிந்த உடம்பால் காற்றைத் தள்ள முடியவில்லை. ஒலி என்பது காற்றில் ஓடும் அழுத்த ஏற்ற இறக்கம். காற்று தள்ளப்படாவிட்டால் காதுக்கு எதுவும் வந்து சேராது. அதனால்தான் ஒவ்வொரு தந்தி வாத்தியத்துக்கும் ஒரு விசிறி வேண்டியிருக்கிறது. வீணையில் தந்தியின் அதிர்வு, தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை என்ற பாகத்தின் வழியாகக் குடத்தின் மேல்பலகைக்கு இறங்குகிறது. அந்த அகன்ற பலகைதான் காற்றைத் தள்ளுகிறது. கிட்டாரில் மரக்கூட்டின் முகப்பு அந்த வேலையைச் செய்கிறது. பிரான்சுவாவின் கிட்டாரில் பலூனின் விறைத்த தோல் செய்தது. அதிர்வை வாங்கிக் காற்றிடம் ஒப்படைக்கும் இந்த அகன்ற பாகத்தை இனி வீசுபரப்பு என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

வீட்டிலேயே சோதிக்கலாம். எவர்சில்வர் கரண்டி ஒன்றின் காம்பை நீளமான நூலின் நடுவில் கட்டுங்கள். நூலின் இரு முனைகளையும் இரு ஆள்காட்டி விரல்களில் சுற்றிக்கொண்டு, கரண்டி தொங்கும்படி குனிந்து, அதை மேசை விளிம்பில் மோத விடுங்கள். 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். இப்போது அந்த விரல்களைக் காதுத் துளையில் வைத்து மறுபடி மோத விடுங்கள். கோயில் மணி போல ஆழமாக ஒலிக்கும். கரண்டி இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் அதிர்ந்தது. முதல் முறை அந்த அதிர்வில் பெரும்பகுதி காற்றுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அதிர்வது ஒரு பாகம், அந்த அதிர்வைக் காற்றிடம் கொடுப்பது இன்னொரு பாகம். பாஷே கருவியில் கூம்பும் தகடும் இந்த இரண்டாவது வகை.

வாத்தியத்தைப் பாகம் பாகமாகப் பார்ப்பது

சகோதரர்களின் உண்மையான கண்டுபிடிப்பு ஏதோ ஒரு கருவி அல்ல, இந்தப் பார்வைதான் என்பேன். எந்த வாத்தியத்தையும் அவர்கள் சில வேலைகளின் கூட்டாகப் பார்த்தார்கள். அதிரும் பொருள் ஒன்று வேண்டும். அதை அதிரவைக்க ஆற்றல் தருவது ஒன்று வேண்டும். சுரத்தை மாற்ற ஒரு ஏற்பாடு இருக்கலாம். கடைசியில் வீசுபரப்பு. வீணையில் இவை முறையே தந்தி, மீட்டும் விரல், மெட்டு (தந்தியை அழுத்தும் கட்டை), குடம்.

இப்படிப் பிரித்துவிட்டால் பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றிப் பார்க்கலாம். தந்திக்குப் பதில் கனத்த இரும்புக் கம்பி. விரலுக்குப் பதில் சுத்தி, வில், விழும் தண்ணீர். மரக் குடத்துக்குப் பதில் மடித்த எஃகுத் தகடு. மரபான வாத்தியங்கள் நூற்றாண்டுகளாகச் சில கூட்டணிகளிலேயே நின்றுவிட்டன, மீதிக் கூட்டணிகளையெல்லாம் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வினோதமான தோற்றம் எல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

பாடுவது கண்ணாடியா?

க்ரிஸ்டால் 1952-ல் பிறந்தது. அதைப் பற்றிய மிகப் பெரிய தவறான எண்ணம், ஒலிப்பது கண்ணாடி என்பது. பெயரும் அப்படித்தான் நினைக்க வைக்கிறது.

ஈர விரலால் கண்ணாடி டம்ளரின் விளிம்பை வட்டமாகத் தேய்த்தால் அது பாடும். அங்கே அதிர்வது டம்ளர்தான். பெஞ்சமின் பிராங்க்ளின் 1761-ல் செய்த கண்ணாடி ஹார்மோனிகாவும் இதே வகை. சுழலும் கண்ணாடிக் கிண்ணங்களின் அளவு சுரத்தைத் தீர்மானிக்கும். க்ரிஸ்டாலில் கதை வேறு. கண்ணாடித் தண்டு ஒவ்வொன்றும் ஒரு உலோகக் கம்பியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கம்பி கனமான உலோகப் பலகை ஒன்றில் (ஒலியை வீசும் தகடு வேறு) இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. சுரம் அந்தக் கம்பியில் இருக்கிறது. வயலினுக்கு வில் என்ன செய்கிறதோ அதைத்தான் இங்கே கண்ணாடி செய்கிறது. அது ஆற்றல் தரும் பாகம், அதிரும் பாகம் அல்ல.

வில் என்ன செய்கிறது? ரோசின் என்ற பிசினைத் தடவிய வில் தந்தியைப் பற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் இழுத்துப் போகிறது. ஓர் எல்லைக்கு மேல் தந்தி பிடியை விட்டு வழுக்கிப் பின்னால் ஓடுகிறது. வில் மறுபடி பற்றுகிறது. இதற்கு ஒட்டி-வழுக்கல் என்று பெயர். ஒரு நொடியில் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கும். ஈர விரலுக்கும் கண்ணாடிக்கும் இடையில் நடப்பதும் இதே ஒட்டி-வழுக்கல்தான். தண்ணீர் வழுக்கத்தானே செய்யும் என்று கேட்கலாம். விரலில் உள்ள எண்ணெய்ப் பசைதான் உண்மையில் வழுக்குகிறது. அதை நீக்கினால் ஈர விரல் கண்ணாடியைப் போதுமான அளவு பற்றும். எண்ணெய்க் கையோடு முயன்றால் ஒன்றும் வராது.

எத்தனை முறை ஒட்டி வழுக்குவது என்று விரல் முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு பொருளும் தட்டிவிட்டால் தனக்கென்று ஒரு வேகத்தில் அதிரும். அதுதான் அதன் இயல்பு அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். கம்பியின் இயல்பு அதிர்வெண் 440 ஹெர்ட்ஸ் என்றால், விரல் மெதுவாகப் போனாலும் சற்று வேகமாகப் போனாலும் ஒட்டி-வழுக்கல் அந்த 440-க்கே இழுக்கப்படும். விரலின் அழுத்தமும் வேகமும் ஒலியின் வலிமையையும் சாயலையும் மாற்றும். சுரம் பெரும்பாலும் அசையாது.

கண்ணாடித் தண்டை நீவி உலோகத்தைப் பாட வைக்கும் யோசனை முற்றிலும் புதியது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒலியியலின் முன்னோடியான ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் சிலாட்னி 1790 வாக்கிலேயே யூஃபோன் என்ற பெயரில் இந்த வகைக் கருவி ஒன்றைச் செய்திருந்தார். பாஷேக்கள் அதற்கு ஒரு பெரிய விசிறியைச் சேர்த்தார்கள்.

தந்தி வேறு, கம்பி வேறு

தந்தி இரு முனையிலும் இழுத்துக் கட்டப்படுவது. கம்பி ஒரு முனையில் இறுக்கப்பட்டு மறு முனை காற்றில் நிற்பது. நீளத்தை மாற்றினால் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு. தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரண்டு மடங்காகும், அதாவது ஒரு ஸ்தாயி ஏறும். வீணை வாசிப்பவர்களுக்கு இது கையிலேயே தெரியும். ஒரு முனை இறுக்கிய கம்பியைப் பாதியாக்கினால் அதிர்வெண் நான்கு மடங்காகிவிடும், இரண்டு ஸ்தாயி. அதனால் கொஞ்ச நீளத்துக்குள் நிறைய சுரங்களை அடக்க முடிகிறது. நுனியில் எடை ஏற்றினால் சுரம் இறங்கும் என்பதும் கூடுதல் வசதி.

கம்பியைத் தேய்க்காமல் தட்டினால் இன்னொரு வித்தியாசம் தெரியும். எந்தப் பொருளும் அடிச்சுரத்தோடு அதைவிட உயர்ந்த சில சுரங்களையும் மெல்லியதாக ஒலிக்கும். அவை மேற்சுரங்கள். தந்தியின் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் 2, 3, 4 மடங்கு என்று ஒழுங்காக வரும். ஒரு முனை இறுக்கிய கம்பியில் அடுத்தது ஏறக்குறைய 6.3 மடங்கு, அதற்கடுத்தது 17.5 மடங்கு. இந்த ஒழுங்கற்ற இடைவெளிதான் தட்டிய உலோகத்துக்கு அந்த மணிச் சாயலைத் தருகிறது.

ஆக, க்ரிஸ்டாலில் விரலும் கண்ணாடியும் ஆற்றல் தருகின்றன, உலோகக் கம்பி சுரத்தை வைத்திருக்கிறது, தகடும் கூம்பும் அதைக் காற்றில் வீசுகின்றன.

சத்தம் கூடினால் ஆயுள் குறையும்

பேச்சு வழக்கில் வீசுபரப்பு ஒலியைப் 'பெருக்குகிறது' என்கிறோம். அந்தச் சொல்லில்தான் குழப்பம். மின் ஒலிபெருக்கி மின்சாரத்திலிருந்து புதிய ஆற்றலை எடுத்து ஒலியில் சேர்க்கிறது. தகடு எதையும் சேர்ப்பதில்லை. அதனிடம் வரும் ஆற்றல் விரல் கொடுத்தது மட்டுமே. தகடு அதைச் சீக்கிரமாகக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. சீக்கிரமாகக் கொடுத்தால் என்ன ஆகும்? சீக்கிரம் தீர்ந்துபோகும். ஒருமுறை தட்டிவிட்ட கம்பி, நல்ல வீசுபரப்போடு இணைந்திருந்தால் உரக்க ஒலித்து விரைவில் அடங்கும். இல்லாவிட்டால் மெல்லிய குரலில் நெடுநேரம் முனகிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டாவது வழியை விரும்பித் தேர்ந்தெடுத்தவர் ஹாரி பெர்ட்டோயா (1915–1978). இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். கம்பி வலையால் ஆன அவருடைய 'டைமண்ட்' நாற்காலியைப் பலர் பார்த்திருப்பார்கள், பெயர் தெரியாமல். 1960 முதல் அவர் உயரமான மெல்லிய உலோகக் கம்பிகளைக் கொத்தாக அடித்தளத்தில் நட்டுச் சிற்பங்கள் செய்தார். கையால் கோதிவிட்டால் கம்பிகள் அசைந்து ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும், அடங்க வெகுநேரம் ஆகும். கூம்பு இல்லை, பெரிய தகடு இல்லை. பென்சில்வேனியாவில் ஒரு பழைய தானியக் கொட்டகையில் இவற்றை நிறுத்தி, அவற்றின் ஒலியை இசைத்தட்டுகளாகவும் வெளியிட்டார். அவற்றைக் கேட்கப் பொறுமை வேண்டும். எனக்குப் பிடிக்கும், ஆனால் எல்லாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அப்படியானால் க்ரிஸ்டால் எப்படி உரக்கவும் நீளமாகவும் ஒலிக்கிறது? விரல் நிற்பதில்லையே. தேய்க்கும் வரை ஆற்றல் வந்துகொண்டே இருக்கிறது, தகடு அதைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. இப்போது கண்ணாடிக்கும் அந்தப் பிரம்மாண்டமான தகட்டுக்கும் உள்ள உறவு புரியும். விடாமல் ஊட்டும் ஏற்பாடு இருப்பதால்தான் இவ்வளவு பெரிய செலவாளியை வைத்துக் கட்டுப்படியாகிறது.

தகட்டை ஏன் வளைத்தும் மடித்தும் வைத்தார்கள் என்பதும் அழகு பற்றிய முடிவு மட்டும் அல்ல. நல்ல வீசுபரப்பு அகலமாக, இலேசாக, அதே சமயம் விறைப்பாக இருக்க வேண்டும். ஒரு தாளை நீட்டிப் பிடித்தால் தொங்கும், நடுவில் ஒரு மடிப்புப் போட்டால் நிமிர்ந்து நிற்கும். எடை கூடவில்லை, விறைப்பு கூடிவிட்டது. உலோகத் தகட்டின் மடிப்புக்கும் கண்ணாடியிழைக் கூம்பின் வடிவத்துக்கும் இதுவே காரணம். பொறியாளர் அண்ணனும் சிற்பி தம்பியும் ஒரே கோட்டை வரைந்த இடம் இது.

இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மற்றவற்றைப் பார்த்தால்

ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத் தூண்களைப் பற்றி நம்மூரில் உலவும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. தூணுக்குள் துளை இருக்கிறது என்பது அதில் ஒன்று. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் அந்தத் தூண்களைச் சேதமின்றி ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட கட்டுரை, அவை கெட்டிக் கல்தான், கல் வளைந்து நிமிரும் அதிர்வே ஒலிக்குக் காரணம் என்று காட்டியது. அதிரும் பொருள் இருக்கிறது, தட்டும் கை இருக்கிறது, தனியாக வீசுபரப்பு என்று எதுவும் இல்லை.

குரோஷியாவின் சதார் நகரக் கடற்கரையில் 2005-ல் கட்டடக் கலைஞர் நிகோலா பாஷிச் அமைத்த கடல் ஆர்கனில், படிக்கட்டுக்கு அடியில் 35 குழாய்கள் உள்ளன. அலை உள்ளே வந்து காற்றைத் தள்ளும்போது குழாய்கள் ஊதுகின்றன. இங்கே அதிர்வதே காற்று. ஆகவே விசிறி தேவையில்லை.

ஜெர்மனியில் பிறந்து சியாட்டிலில் வாழும் ட்ரிம்பின், டச்சு மரக்காலணிகள் 120-ஐக் கயிற்றில் தொங்கவிட்டு, உள்ளே கணினி இயக்கும் சிறு சுத்திகளை வைத்தார். மின்சாரம் இருக்கிறது என்பதால் இது ஒலிச் சிற்பம் இல்லை என்று தள்ளிவிட வேண்டாம். மின்சாரம் தட்டும் வேலையை மட்டும் பார்க்கிறது. ஒலி மரத்துடையது.

தொடலாம்

பாஷே கருவிகள் முதலில் மேடையேறியது லாஸ்ரி தம்பதியின் கைகளில். ஜாக் லாஸ்ரியும் இவோன் லாஸ்ரியும் சகோதரர்களோடு சேர்ந்து நடத்திய குழு பல நாடுகளுக்குப் போய் வந்தது. 1965-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இந்தக் கருவிகள் வைக்கப்பட்டன. 1968-ல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிரான்சுவா ஓர் இசை நீரூற்று செய்தார், ஆற்றல் தரும் பாகம் விழும் தண்ணீர்.

1970-ல் ஒசாகா உலகக் கண்காட்சி. அங்கே எஃகு அரங்கு என்ற காட்சிக்கூடத்தின் இசைப் பொறுப்பில் இருந்த இசையமைப்பாளர் தோரு தகெமிட்சு அழைத்ததன் பேரில் பிரான்சுவா ஜப்பானுக்குப் போய் 17 ஒலிச் சிற்பங்களைச் செய்து கொடுத்தார். பலவற்றுக்குத் தன்னோடு வேலை செய்த ஜப்பானிய உதவியாளர்களின் பெயரையே வைத்தார். கண்காட்சி முடிந்ததும் அவை பிரிக்கப்பட்டுக் கிடங்குக்குப் போயின. 2010 முதல் சில மீண்டும் பூட்டப்பட்டு ஒலிக்கின்றன.

பெர்னாரின் கவனம் பிற்காலத்தில் குழந்தைகள் பக்கம் திரும்பியது. கம்பியும் தகடும் கொண்ட 14 கருவிகள் அடங்கிய ஒரு தொகுதியைப் பள்ளிகளுக்காக உருவாக்கினார். தட்ட, உரச, மீட்ட என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். பார்வைக்கு வைத்த சிற்பத்தைத் தொடாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட குழந்தைகளுக்கு இது தலைகீழ் உலகம். சுரக்குறிப்பு தெரிய வேண்டியதில்லை, விரல் பழக்கம் வேண்டியதில்லை. எங்கே தட்டினால் எது அதிர்கிறது என்பது தகட்டில் உள்ளங்கையை வைத்தாலே தெரிந்துவிடும்.